காஹலின் இடது முழங்கால்

"நீதான் சொல்லியிருக்கே. வேற யாரு சொல்லுவா?"

"டீக்லன், நான் பேசி முடிக்கிறேன், அப்புறம் நீ..."

"டிவியில போய்ப் பேசி முடி. இது வீடு."

"அத்தை வீடு. அவங்க போட்ட டீயைக் குடிச்சிட்டுத்தான் இப்படிக் கத்துறே."

ஒருத்தர் வாயிலிருந்து வார்த்தை விழுவதற்குள் இன்னொருத்தர் அதன்மேல் ஏறி நின்றார். நான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். இருவரும் என் அண்ணன் பிள்ளைகள். டீக்லன் எங்கள் கில்டாரா ஊரின் ஹர்லிங் அணிக்கு, அதாவது அயர்லாந்தின் மட்டைப்பந்து ஆட்ட அணிக்கு, மேலாளர். ஓர்லா டப்ளினில் தொலைக்காட்சியில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில், பக்கத்து ஊர் நாக்பிரானிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தோம்.

எங்கள் தடுப்பாட்டத்தின் தூண் காஹல். பயிற்சியில் அவனுக்கு இடது முழங்கால் பிசகிவிட்டது. அதை மறைக்க டீக்லன் ஒரு தந்திரம் செய்தான். வலது முழங்காலில் பெரிய கட்டுப் போட்டு, ஊரறிய நொண்டவிட்டான். நாக்பிரான்காரர்கள் வலது பக்கமே தாக்குவார்கள் என்பது கணக்கு. அவர்களோ அந்தக் கட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் பந்திலிருந்தே அவனை இடது காலை ஊன்றித் திரும்பவைத்தே கொன்றார்கள்.

"வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும்போது எந்தக் கால்னு உன்கிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நடுவுல யாரு இருக்கா?"

"நான் ஏன்டா சொல்லணும்? காஹல் என்ன எனக்கு எதிரியா?"

"மைக் பிடிக்கிறவ எல்லா ஊருக்கும் சொந்தம். ஆட்டத்துக்கு முன்னாடி அவங்க மேனேஜரோட என்ன சிரிப்பு?"

"அவருக்குப் பேத்தி பொறந்திருக்கு. வாழ்த்துச் சொன்னேன்."

உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு அந்த ஆளின் காதருகே அவள் என்னவோ சொன்னதை நானும் டிவியில் பார்த்தேன். பேத்தி என்கிறாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சும்மா வந்த வேலை இல்லை அவளுடையது. உள்ளூர் வானொலியில் தினமும் காலையில் மரண அறிவிப்பு வாசித்துத் தொடங்கியவள். இங்கே பாதிப் பேருக்கு, யாருக்கு எங்கே அடக்கம் என்று சொல்லும் குரலாகத்தான் அவளைத் தெரியும். பிறகு நாய்ப் பந்தய முடிவுகள். பிறகு மைதான ஓரத்தில் மழையில் நனைந்தபடி, 'இந்தப் பொண்ணுக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்' என்று முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே பல வருடம். ஜனவரியிலிருந்து ஞாயிறு இரவு நிகழ்ச்சி அவளுக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"காலையில டப்ளின்லேருந்து போன்," என்றாள் ஓர்லா. குரல் இறங்கியிருந்தது. "என் மேல புகார் வந்திருக்காம். எதிர் அணிக்கு ரகசியம் சொன்னேனாம். ஜனவரியைப் பத்தி அப்புறம் பேசலாம்ங்கறாங்க. இது வெளியே போச்சுன்னா, இனிமே எந்த மேனேஜர் என் முன்னாடி வாயைத் திறப்பான்?"

டீக்லன் டீயைக் கலக்கினான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு நேராக உட்கார்ந்தாள். டிவியில் உட்காருவது போலவே.

"சரி, பேட்டியா வச்சுக்குவோம். எந்தக் கால்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. காஹலுக்கு. டாக்டருக்கு. உனக்கு."

"டாக்டர்?"

"அந்தாளு கெர்ரி மாவட்டத்துக்காரன். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குக் கால்பந்து தவிர ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."

"வேற?"

"யாருமில்ல."

அவள் பேசாமல் அவனையே பார்த்தாள். அதுதான் அவள் தொழில். அவள் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவருக்குத் தாங்காது. எத்தனை முரட்டு ஆட்டக்காரர்கள் அப்படி உளறிக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

"கடவுளுக்குத் தெரியும். போதுமா?"

"கடவுளுக்கு யாரு சொன்னா?"

"என்னடி கேள்வி இது? சனிக்கிழமை பூசையில ஒரு வேண்டுதல் சேர்த்துக்கச் சொல்லி ஃபாதர் மலாக்கிகிட்ட கேட்டேன். நம்ம கோயில், நம்ம ஜனம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பூசையில் நானும் இருந்தேன். "காஹலின் இடது முழங்கால் குணமாக" என்று ஃபாதர் சொன்னபோது, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நானும்தான் சேர்ந்து சொன்னேன். அது ரகசியத்தை வெளியே விடுவது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெபம் அல்லவா?

"அத்தை, பூசை முடிஞ்சதும் ஃபாதர் எங்கே போனாரு?"

"எங்கே போவாரு? ரெண்டு ஊருக்கும் இப்ப அவர் ஒருத்தர்தானே. காரை எடுத்துட்டு நாக்பிரான் பூசைக்கு ஓடினாரு."

"அங்கேயும் இதே வேண்டுதல்தானா?"

"ஊருக்கு ஊரு மாத்த அவருக்கு ஏதும்மா நேரம்?"

"அப்போ நாக்பிரான் மொத்தமும் முட்டி போட்டு..." என்று ஆரம்பித்த டீக்லன் என் பக்கம் திரும்பினான்.

"காஹலோட இடது காலுக்காக மன்றாடியிருக்கு," என்றேன். "பாவம், நல்ல ஜனங்க." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

ஓர்லா அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி இன்னும் கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"நீ டீயில சர்க்கரையே போட மாட்டியே, டீக்லன். அப்புறம் எதைக் கலக்குறே? டப்ளினுக்குப் போன் பண்ணினது யாரு?"