முப்பது வினாடிக் கோபம்

மூன்றாவது சுற்றுக்கு மணி அடிக்க இன்னும் முப்பது வினாடி. அதற்குள் கதிராமனுக்குக் கோபம் வந்தாக வேண்டும்!

குத்துச்சண்டை மேடையின் மூலையில் தண்ணீர் வாளியோடு குந்தியிருந்த சோமசேகரத்துக்கு அது ஒன்றுதான் கவலை. துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர் அவர். அவருடைய ஆள் கதிராமன், கப்பலுக்கு நிலக்கரி ஏற்றும் கூலி. எதிரே ஹாரிஸ், வெள்ளைக்காரக் கடற்படைக்காரன். வென்றால் கதிராமனுக்கு இழுவைப் படகில் நிரந்தர வேலை என்று, முன்வரிசையில் இருந்த துறைமுகக் கப்டன் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தர வேலை என்றால் மாதாமாதம் அரிசி. யுத்தம் தொடங்கி அரிசியைக் கண்ணால் காண்பதே பெரும்பாடாகிவிட்ட காலம். கட்டைபறிச்சானில் அவன் பெண்சாதி சீதேவியும் மூன்று பிள்ளைகளும் கிழங்கு தின்று நாளைப் போக்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு சுற்றும் சமம். இனி வருவதுதான் கடைசிச் சுற்று.

"உனக்குக் கோபமே வராதோடா?"

"பொறுங்கோ ஐயா. ஆள் வாயால மூச்சு விடுறான், பாத்தனீங்களோ? இன்னும் எப்பன் நேரம்தான்."

"பொறுத்தது காணும்! அவன் உன்னைப் பற்றி என்ன சொன்னவன் தெரியுமோ? ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு, பெண்சாதியை விட்டிட்டு ஓடின கோழையாம் நீ."

ஹாரிஸ் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தில் அந்தப் பொய்க்கதை ஒரு வருஷமாக உலாவியது. உண்மையில் கதிராமன் அன்றைக்குச் சீதேவியைத் தோளில் தூக்கிக்கொண்டு, அப்போது குடியிருந்த துறைமுகத்தடியிலிருந்து நிலாவெளி வரை நடந்தவன்.

அவன் முகம் மாறியது. மணி அடித்தது.

முதல் குத்திலேயே ஹாரிஸ் முழங்காலில் விழுந்தான். கூலிக்காரர் கூட்டம் துள்ளியது. விழுந்தவனை விட்டு எதிர் மூலைக்குப் போக வேண்டும், அதுதான் சட்டம். கதிராமன் போகவில்லை.

'போடா! மூலைக்குப் போடா!' சோமசேகரத்தின் தொண்டை வரை வந்துவிட்டது. சுற்று நடக்கும்போது மூலையில் இருப்பவன் வாய் திறந்தால் அதுவும் தோல்விதான். வியர்வை துடைக்கும் துவாயைக் கடித்துக்கொண்டார்.

விழுந்தவன் தாடையில் ஒன்று. இன்னொன்று. நடுவர் பாய்ந்து வந்து கையை விரித்தார். கதிராமன் தோற்றான்.

"என்ன கிளாக்கரையா, உங்கட ஆளுக்குப் பேய் கீய் பிடிச்சிட்டுதோ?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

மூக்கைத் துடைத்தபடி ஹாரிஸ் வந்தான். "நல்ல கை இவனுக்கு," என்று இங்கிலீசில் சோமசேகரத்திடம் சொன்னான். "எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டுக் கை கொடுக்கட்டும். கப்டனிடம் நானே பேசி வேலை வாங்கிக் கொடுக்கிறேன்."

கதிராமனிடம் கையையும் நீட்டினான். சோமசேகரம் அதைக் கதிராமனுக்குத் தமிழில் சொன்னார்.

"நானோ? முதல்ல அவன் கேக்கட்டும், சீதேவியின்ர பேரை இழுத்ததுக்கு!" என்றான் கதிராமன்.

"கதிராமா, அவன் ஒண்டும் சொல்லேல்லை. உனக்குக் கோபம் வரட்டும் எண்டு நான்தான் சொன்னனான்."

கதிராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"எனக்கு வேலை கிடைக்க வேணும் எண்டு அவன்ர பழியை உங்கட தலையில போடுறியள். நல்ல மனுசன் ஐயா நீங்கள்."

"கோணேசர் ஆணை! நான்தான்டா!"

"பொய்ச் சத்தியம் பண்ணாதேங்கோ. நீங்களும் பிள்ளைகுட்டிக்காரன்."

கையுறைகளைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக மூதூர் வள்ளத் துறைப் பக்கம் நடந்தான். அதே நேரம் கப்டனும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சோமசேகரம் அவன் பின்னால் நாலு எட்டு ஓடினார். திரும்பிக் கப்டனை நோக்கி நாலு எட்டு ஓடினார். இரண்டு பேரும் நிற்கவில்லை.