எல்கடுவை பஸ்ஸில் போன காலெரிவு

ஹமீமாவின் காலெரிவு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறாம் திகதி வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அவளைவிட்டு இறங்கி, மாத்தளை பஸ் நிலையம்வரை நடந்து போய், எல்கடுவை பஸ்ஸில் ஏறியது. விடிந்ததிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்ததால் அது போன வழி தெளிவாகத் தெரிந்தது. நனைந்த நடைபாதையில் பாதம் பாதமாக ஈரம் காய்ந்துகொண்டே போனதை மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் இடதுபக்கம் மூன்றாவது ஆசனத்தில் யாராலும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தவர்கள் கால் சுடுகிறதென்று எழும்பி நின்றார்கள். கண்டக்டர் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார், மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். அந்த நேரத்தில் ஹமீமா மருந்துக்கடை மாடிக்கு ஏறும் படியில், செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குச் சிமெந்து குளிர்ந்தது.

அந்தப் பதினொரு வருஷத்தைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது. உக்குவளையில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் நிஸ்தாரின் மனைவிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளங்கால் எரியத் தொடங்கியது, பிறகு நிற்கவேயில்லை. மனதில் என்ன துக்கம், எதை அடக்கி வைத்திருந்தாள் என்று கேட்பவர்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டலாம். துணி காயப்போட்டாள், எரிந்தது, அவ்வளவுதான். இரத்தத்தில் சீனி பார்த்தார்கள், நரம்பு பார்த்தார்கள், கண்டிக்குக் கொண்டுபோய் முதுகெலும்பைப் படம்பிடித்தார்கள். எல்லாம் சுத்தம். நிஸ்தார் நல்ல மனுஷன்தான், ஆனால் "ரிப்போட்ல ஒண்டுமில்லையே" என்பதை, ஸலாம் சொல்வதுபோல, வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சொல்லப் பழகிவிட்டார். ஹமீமா தேசி இலை, எலுமிச்சை இலைதான், போட்ட தண்ணீர்ப் பேசினில் காலை வைத்துக்கொண்டு, பின்னேரம் மூன்றரைக்கு, அஸர் தொழுகை நேரத்தில், எரிவு கூடும்போது இறைவனை அழைத்து "யா ரப்பே" என்பாள். மகள் ஜஸ்லா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவள். சோதனையில் பிடிபடாத வலியும் உண்மையான வலியே என்று பரீட்சைத் தாளில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். உம்மா நடிக்கிறாள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று மட்டும் நினைத்தாள், அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

ஜஸ்லாவுக்குக் கிடைத்த வேலையும் இதே வலிகளோடுதான். டாக்டர் மாணிக்கவாசகம் மருந்துக்கடை மாடியை வாடகைக்கு எடுத்து ஓர் ஆய்வை நடத்தினார், அதில் இவள் உதவியாளர். அறுபது பேரைச் சேர்த்தார்கள்; அறுபது பேருக்கும் ரிப்போட்டில் ஒன்றுமில்லை. பாதிப்பேர் வாராவாரம் வந்து டாக்டரோடு பேசுவார்கள், மற்றப் பாதி ஆறு மாதம் காத்திருப்பார்கள், முடிவில் யாருக்கு வலி குறைந்தது என்று பார்ப்பார்கள். யார் எந்தப் பாதி என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. உறைகளை இலக்க வரிசைப்படி கொடுக்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு விதியையும் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே ஜஸ்லாதான். ஜனவரியில் ஒருநாள், முப்பத்தோராவது உறை எல்கடுவைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் இலட்சுமிக்கு உரியதாக வந்தது. அவளுக்கு இடது தோளில் வலி. அவளுக்குப் பின்னால் ஹமீமா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். ஜஸ்லா முப்பத்தொன்றை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். உள்ளே 'பேச்சு' என்று எழுதியிருந்தது தெரிந்தது. அதை உம்மாவுக்கு வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டை இலட்சுமியிடம் நீட்டினாள். இலட்சுமி "சரிங்கம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு காத்திருக்கப் போனாள்.

எரிவு போன பிறகு ஹமீமா நடந்தாள். நோன்பு மாதம் முழுக்க அடுப்படியில் நின்று சமைத்தாள், நாலந்தாவிலிருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தாள், காயப்போட்ட கராம்புப் பாயில் வெறுங்காலோடு ஏறி நிஸ்தாரிடம் ஏச்சு வாங்கினாள். ஜஸ்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவள் கணக்கும் பார்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பி இருந்தது. அதில் வலிக்குப் பூச்சியம் முதல் பத்துவரை நாளுக்கு ஓர் இலக்கம் எழுத வேண்டும். அறுபது பேரின் வாரச் சராசரிகளையும் கூட்டினால் முந்நூற்று எழுபத்திரண்டு வந்தது. அடுத்த வாரமும் முந்நூற்று எழுபத்திரண்டு. பேசியவர்களில் ஒருவருக்கு எவ்வளவு இறங்கியதோ, காத்திருந்தவர்களில் ஒருவருக்கு அவ்வளவும் ஏறியது. கணினியில் பிழை என்று டாக்டர் கையாலும் கூட்டிப் பார்த்தார். கடைசியில், காத்திருப்பது உடம்புக்குக் கூடாது என்று அறிக்கை எழுதினார், அதுவும் பொய்யில்லை.

மே மாதம் இலட்சுமியின் கொப்பி வந்தது. இலட்சுமிக்கு எழுத வராது; தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் மகள் தர்ஷிகாதான் எழுதுவாள். ஓரத்தில் அவள் இப்படிக் குறித்திருந்தாள்: "அம்மாவுக்குத் தோள் வலியோடு இப்போது கால் எரிவும் உண்டு. மார்ச் 16 மத்தியானத்திலிருந்து. பின்னேரம் மூன்றரைக்குக் கூடுகிறது. தேசி இலை கேட்கிறார். கூடும்போது 'யா ரப்பே' என்கிறார். எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை." ஜஸ்லா உம்மாவின் கொப்பியைப் பக்கத்தில் விரித்தாள்; மார்ச் 16க்குப் பிறகு எல்லாப் பெட்டியிலும் பூச்சியம். மறுநாள் அவள் தோட்டத்துக்கு ஏறிப் போனாள். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், இலட்சுமி உட்கார்ந்திருந்த கட்டிலுக்குக் கீழே, சிமெந்துத் தரையில் இரண்டு பாதங்கள் அளவுக்குக் கறுத்திருந்தது. தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் மட்டும் உடனே காய்ந்தது. வீட்டு நாய் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

"இது என் வலி இல்லீங்கம்மா," என்றாள் இலட்சுமி. "என் வலிய எனக்குத் தெரியும், அது பாட்டுக்குத் தோள்ல கெடக்கும். இது யாரோ வளத்த வலி. நேரத்துக்கு எழும்புது, நேரத்துக்குத் தண்ணி கேக்குது." தர்ஷிகா இன்னொன்றும் சொன்னாள். வரப்போகும் வாரத்துக்குக் கொப்பியில் எந்த இலக்கத்தை முன்கூட்டியே எழுதினாலும் இந்த எரிவு அதற்குக் கட்டுப்படுகிறது. ஒரு வாரம் எல்லாப் பெட்டியிலும் பூச்சியம் போட்டுப் பார்த்தாள். அம்மா எழும்பி மலையேறிக் கோயிலுக்கே போய் வந்தாள். பிறகு ஏன் விட்டீர்கள் என்று ஜஸ்லா கேட்டாள். "வேற யாரு கால்லயாவது போயி ஏறியிருக்குமில்லீங்களா," என்றாள் இலட்சுமி. ஏறித்தான் இருந்தது. அந்த வாரம் ஆய்விலிருந்த நாலந்தாக்காரர் ஒருவர், அதுவரை முதுகு வலிதான் என்றிருந்தவர், கிணற்றுத் தண்ணீரில் வைத்த காலை வெளியே எடுக்கவில்லை என்று ஜஸ்லாவே பதிந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், உறையை மாற்றியது உட்பட. ஹமீமா ஏசவில்லை. "அந்தப் புள்ளைக்கும் அஸர் நேரத்துக்கா கூடுது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அது என்ட வலி. நான் போய் எடுத்துக் கொள்றேன்," என்றாள். "வேணாம் உம்மா, இப்பதானே நடக்கிறீங்க," என்று ஜஸ்லா அழுதாள். அழுது என்ன, மறுநாள் காலை ஹமீமா அபாயாவைப் போட்டுக்கொண்டு எல்கடுவை பஸ்ஸில் ஏறிவிட்டாள், மகள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. லயத்தில் அவள் தன் கொப்பியை விரித்துப் பேனாவை எடுத்ததும் இலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டாள். "மொத்தத்தையும் நீங்களே ஏன் சொமக்கணும்? சீட்டுப் போடுற மாதிரி மாத்தி மாத்தி எடுப்போங்க." உக்குவளையிலும் தோட்டத்திலும் பெண்கள் பீங்கானுக்கும் சேலைக்கும் சீட்டுப் போடுகிறவர்கள், இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிராவிட்டாலும் விதிகளைப் பத்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். ஆளுக்கு ஒரு வாரம். பெருநாள், தீபாவளி, கல்யாண வீடு என்றால் முறையை மாற்றிக்கொள்ளலாம். வெளியாள் கால்களுக்கு விடக் கூடாது. ஆனால் இரண்டு பேரோடு சீட்டு நிற்காது, மூன்றாவது ஆள் வேண்டும் என்றாள் ஹமீமா.

அப்போதுதான் ஜஸ்லா இலட்சுமியிடமும் உறையைப் பற்றிச் சொன்னாள். இலட்சுமி கையிலிருந்த பாலில்லாப் பிளேன்ரீயைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் ஜஸ்லாவுக்கு இலேசாக இருந்திருக்கும். "அப்ப இந்தச் சீட்டப் புடிச்சது நீங்கதானுங்களே," என்றாள். சீட்டுப் பிடிப்பவருக்குத்தான் முதல் முறை. அதை அந்தக் காம்பராவில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வை இடையில் விட்டுக் கத்தாருக்குப் போய்விட்ட வஹகோட்டைக்காரர் ஒருவரின் வெற்றுக் கொப்பி ஜஸ்லாவின் பையில் இருந்தது. உம்மா வழக்கமாக எந்த இலக்கம் எழுதுவாள் என்று பார்த்து, வரும் வாரத்தின் ஏழு பெட்டியிலும் ஏழு என்று எழுதினாள். ஆய்வு முடிந்து கொப்பிகளைத் திருப்பி வாங்கியபோது மூன்றை மட்டும் அவள் டாக்டரிடம் கொடுக்கவில்லை. அந்தச் சீட்டு இன்றைக்கும் ஒரு முறை தவறாமல் ஓடுகிறது.

அந்த முதல் முறைக்கு, ஜூன் முதலாம் திகதி வியாழக்கிழமை, எல்கடுவையிலிருந்து வந்த பஸ் உக்குவளைச் சந்தியில் நின்றது, யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முற்றத்து ஈரம் வாசலை நோக்கிப் பாதம் பாதமாகக் காய்ந்து வந்தது. ஹமீமா கதவைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே வந்தது முதலில் அவளுடைய கதிரைக்கு முன்னால் போய், பழக்கதோஷத்தில் நின்றது. ஹமீமா காலை மேலே தூக்கிக்கொண்டாள். பிறகுதான் அது திரும்பி, கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜஸ்லாவிடம் வந்தது. ஜஸ்லா போட்ட சத்தத்தில் நிஸ்தார் கராம்பு மூடையை வைத்துவிட்டு ஓடி வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், சொல்லப் போனதை விழுங்கிக்கொண்டார். அவள் கட்டில் சட்டத்தைக் கடித்தாள், வியர்த்தாள், பேச்சு வர வெகுநேரமானது.

"உம்மா, இது ஏழா?"

"பத்துப் போட்டா நம்பமாட்டாங்க மகள்," என்றாள் ஹமீமா. "கூட்டிச் சொல்றா என்பாங்க. அதுதான் நான் ஏழு போட்ட."

ஜஸ்லா தரையில் சரிந்து உம்மாவின் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக் கொள்ளுங்க, மன்னிச்சுக் கொள்ளுங்க என்று அழுதாள். அந்தக் கால்கள் குளிர்ந்திருந்தன. ஹமீமா அவளுடைய தலையைத் தடவினாள். "எழும்புங்க மகள். மூண்டரைக்குத்தான் கூடும். அதுக்கு முந்திச் சோத்தைத் தின்னுங்க," என்று சொல்லிவிட்டு, தேசி இலை பறிக்க வளவுக்குப் போனாள்.