காலண்டரில் ஐந்து கோடுகள்

தன் புருஷனுக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறது என்று ரைலி முடிவுகட்டியதற்கு முதல் காரணம் காப்பி மெஷின்.

நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஓஸ்மோ அந்த மெஷின் பக்கம் போனவனே இல்லை. டிராக்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்ப மாட்டிவிடுவான். ஆனால் காப்பி போடுவது ரைலியின் இலாகா. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள், அடுப்படியில் இன்னொரு ஆளைச் சகித்துக்கொள்ளமாட்டாள். அப்படியிருக்க, இந்தப் பிப்ரவரியில் திடீரென்று கிழவன் ஐந்தரைக்கே எழுந்து, அவள் செருப்பைத் தேடுவதற்குள் மெஷின் முன்னால் போய் நிற்கிறான். கேட்டால் தூக்கம் வரவில்லையாம். எட்டு மணிவரை குறட்டை விட்டே பழகிய மனுஷன்.

அடுத்தது காலண்டர். பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து கப் காப்பி குடித்து வந்தவர்களுக்கு வயதான காலத்தில் மறதி நோய் குறைவாக வந்திருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்திருந்தார்களாம். ஓஸ்மோ அதை இரண்டு தடவை படித்தான், கத்தரித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து சமையலறைக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட ஆரம்பித்தான். தினமும் சொல்லிவைத்தாற்போல் ஐந்து கோடு.

ரைலிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் ஐந்து கப்போடு நிறுத்துகிறவனை உடம்புக்கு என்ன என்றுதான் விசாரிப்பார்கள். எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்னால், மூன்று மணிக்கு ஏலக்காய் பன்னோடு, சவுனா என்னும் நீராவி அறையில் குளித்துவிட்டு வந்தால், யாராவது வந்தால், வந்தவர் கிளம்பினால். இதில் ஒவ்வொரு கப்புக்கும் மறு ஊற்று வேறு உண்டு. மறு ஊற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அது முதல் கப்பின் வால்.

ஒரு வியாழக்கிழமை சூப்புக்கு எடுத்த பட்டாணியில் ஒரு பிடியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். அவன் ஒரு கப் குடித்தால் ஒரு பட்டாணி இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். சாயங்காலம் எண்ணினால் பதினொன்று. காலண்டரிலோ அதே ஐந்து கோடு. வாலை எல்லாம் நறுக்கித் தள்ளினாலும் ஏழுக்குக் கீழே இறங்காது. எண்ணத் தெரியாமல் போய்விட்டது மனுஷனுக்கு.

இது போதாதென்று அவளிடமும் வம்பு. சில நாள் அவள் இன்னொரு கப் ஊற்றப் போனால், ஜாடியில் மிச்சம் இருப்பதை அவசரமாகத் தன் கோப்பையில் கவிழ்த்து மடக்கென்று குடித்துவிடுகிறான். சில நாள் வேண்டாம் வேண்டாம் என்கிறவளைத் துரத்தித் துரத்திக் குடிக்கவைக்கிறான்.

ரைலி பயந்துபோனாள். அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவன் இல்லாமல் போவதை அதைவிடவும் நினைக்க முடியவில்லை.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் இருக்கும் குவோப்பியோ பக்கத்து ஆட்களைத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அங்கே ஒரு விஷயத்தை நேராகக் கேட்பது, பக்கத்து வீட்டுச் சவுனாவுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைவது மாதிரி. அதனால் ரைலி கட்டின புருஷனை விட்டுவிட்டு, உறைந்த ஏரியைக் கடந்து அக்கரையில் இருக்கும் சிநேகிதி கெர்த்துவிடம் போய்க் கொட்டினாள்.

"உன் ஆளுக்கு எப்ப ஞாபகம் இருந்துச்சு?" என்றாள் கெர்த்து. "கல்யாணத்தன்னிக்கே மோதிரத்த வீட்டுல வச்சிட்டு வந்தவன்தானே."

கேலி செய்தாலும் கெர்த்துதான் வழி சொன்னாள். சுகாதார நிலையத்தில் ஞாபக மறதியைப் பார்ப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருக்கிறாள், பெயர் மின்னா, போன் செய் என்றாள். ரைலி அங்கிருந்தே போன் போட்டு, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஓஸ்மோ பெயரில் நேரம் வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, தனக்கு ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும், அந்தச் செவ்வாய்க்கிழமை காரில் கூட்டிப்போ என்று ஒரு புளுகு புளுகினாள். தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க ஓடப் பார்ப்பான் என்று நினைத்தால், அவனோ உடனே சரி என்றான். அன்றைக்குத் தனக்கும் டவுனில் ஒரு வேலை இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, அவளுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தான். பாவம், என்ன ஏது என்று தெரியாமல் வருகிறான் என்று ரைலி நினைத்துக்கொண்டாள்.

மின்னா இரண்டு காகிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பத்து மணிக்கு ஓஸ்மோ, பதினொரு மணிக்கு ரைலி, இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வரலாமே என்றாள். ஓஸ்மோவுக்கு நேரம் கேட்டது அவன் மனைவி, ரைலிக்குக் கேட்டது அவள் கணவன் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. கிழவனும் கிழவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ எனக்கா நேரம் வாங்கின?" என்றாள் ரைலி.

"நீ மட்டும் என்னவாம்?" என்றான் ஓஸ்மோ.

முதலில் அவன் முறை. மின்னா மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள், கடிகாரம் வரையச் சொன்னாள், தேதி கேட்டாள். ஓஸ்மோ தேதியோடு நிறுத்தாமல், ஏரியில் பனி எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னான். மூன்று வார்த்தைகளும் வரிசை மாறாமல் வந்தன. ரைலி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கடைசியாக மின்னா, ஒரு நாளைக்கு எத்தனை கப் காப்பி குடிப்பீர்கள் என்று கேட்டாள்.

"பத்து, பதினொண்ணு" என்றான், வெட்கமே இல்லாமல்.

ரைலியால் பொறுக்கமுடியவில்லை. "அப்புறம் ஏன் காலண்டர்ல அஞ்சு கோடு போடுற?"

"அது என் கணக்கில்ல. உன் கணக்கு."

ரைலிக்குப் புரியவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து அந்தப் பேப்பர் துண்டை எடுத்து மேஜையில் வைத்தான். மூன்றுக்குக் குறையக் கூடாது, ஐந்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்ததாம். அதனால்தான் குறைந்த நாளில் அவளைத் துரத்தியிருக்கிறான். ஐந்து முடிந்தபிறகு அவள் ஜாடியைத் தொட்டுவிடுவாளே என்று மிச்சத்தைத் தானே குடித்துத் தீர்த்திருக்கிறான். தன் கணக்கு பதினொன்றுக்கு ஏறியதே அதனால்தான் என்று புகாரும் சொன்னான்.

"எனக்கு எதுக்குக் கணக்கு? எனக்கு என்ன வந்துது?"

ஓஸ்மோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துச் சுற்றினான். "ஜனவரியில மூணு நாள் தூள் போடாமலே மெஷின ஓட விட்டுட்ட. ஜாடி நிறைய வெந்நீ. நீ பாட்டுக்கு ரொட்டி வெட்டிட்டு இருந்த. நான் கொட்டிட்டு வேற போட்டேன்."

 அவன் ஏன் ஐந்தரைக்கு எழுந்தான், ஏன் மெஷின் முன்னால் போய் நின்றான் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக ரைலிக்கு விளங்கிக்கொண்டு வந்தது. அவனைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த பயமெல்லாம் ஒரே நொடியில் இடம் மாறி அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது.

பிறகு அவள் முறை. கடிகாரம் சரியாகத்தான் வந்தது. மாதம் கேட்டபோது பிப்ரவரி என்றாள். மூன்று வார்த்தையில் ஒன்று வந்தது, மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. பக்கத்தில் ஓஸ்மோ, பரீட்சையில் பதில் தெரிந்தும் சொல்ல முடியாதவனாக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மின்னா பூசி மெழுகவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. இது மறதி நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம், வேறு ஏதாவது குறையாகவும் இருக்கலாம். ரத்தம் சோதித்து, டாக்டரைப் பார்த்து, இலையுதிர்காலத்தில் மறுபடி வாருங்கள் என்றாள். காப்பியைப் பற்றி ஓஸ்மோ விடாமல் கேட்டான். தூக்கத்தைக் கெடுக்காதவரை ஐந்து கப் தப்பில்லை, ஆனால் அது மருந்து இல்லை, யாரும் உத்தரவாதம் தரமுடியாது என்றாள். அந்த ஆராய்ச்சியே நடுவயதில் குடித்தவர்களைப் பற்றியதாம்.

"நாங்க பதினஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிட்டோமே" என்றான் ஓஸ்மோ. மின்னா சிரித்துவிட்டாள்.

கீழே கேன்டீனில் ஓஸ்மோ இரண்டு காப்பியும் ஒரு பன்னும் வாங்கிவந்தான். ரைலி கோப்பையைத் தொடவில்லை. இரண்டு மாசமாகத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தானே என்று கோபமாக வந்தது. தானும் அதையேதான் செய்தோம் என்பது ஞாபகம் வந்ததும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருத்தி காரின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரைலி ஓஸ்மோவின் பக்கம் திரும்பினாள். பிறகு பிறந்ததிலிருந்து பழகாத காரியமாக, நேராகவே கேட்டாள்.

"ஒரு நாள் நீ யாருன்னே எனக்குத் தெரியாம போயிடுச்சுன்னா?"

ஓஸ்மோ பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"வெளிய போயி கதவத் தட்டுறேன். விருந்தாளியா வர்றேன். வாசல்ல வந்து நிக்கறவன் யாரா இருந்தாலும் நீ காப்பி குடுக்காம அனுப்பினதில்லையே."

"விருந்தாளின்னா மொதல்ல வேண்டாம்னு சொல்லணும். மரியாதை தெரிஞ்சவன் ரெண்டு தடவ சொல்லுவான்."

"ஒரு தடவதான் சொல்லுவேன். ரெண்டாவது தடவைக்குள்ள நீ கேட்டதையே மறந்துட்டா, நான் காப்பி குடிக்காமல்ல திரும்பணும்."

ரைலிக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. எதையும் அடக்காமல், நாலு பேர் பார்க்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியொரு வழக்கம் அவர்களுக்குள் இருந்ததே இல்லை.