கீழ்நோக்கி விளைந்த சோளம்

செம்புச் சுரங்கம் மூடப்பட்ட மூன்றாவது மாதம், வெடிக்காரரின் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் பூமிக்குள் தலைகீழாக வளர்ந்தது. வேர்கள் மேலே காற்றில் நின்றன. தண்டும் இலையும் கதிரும் இருட்டுக்குள் இறங்கின. செம்பு விலை விழுந்ததும், ஒரே உலோகத்தை நம்பிக் கிடந்தது போதும், இனி விவசாயம்தான் நாட்டைத் தூக்கி நிறுத்தும் என்று அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்திருந்தது. சுரங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் நிலமும் ஆளுக்கொரு மூட்டை விதையும் கொடுத்தார்கள். எப்படி விதைப்பது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. பாறைக்கு வெடி வைத்தே பழகியவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்பது அடிக்குத் துளை போட்டு, விதையை உள்ளே தள்ளி, களிமண்ணை உருட்டி வாயை இறுக அடைத்து, நூறு அடி தள்ளிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெடிக்காரரின் மனைவிக்கு இருந்தது ஒரே ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அவர் விடியுமுன் இறங்கி, இருட்டிய பின் ஏறுகிறவர், இருமல் வேறு. மிச்ச நாளையாவது அவர் வெயிலில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். "இனிமேலாவது உங்களைப் பகல்ல பாக்கலாம்னு நெனச்சேனே" என்று அந்த வேர்களைப் பார்த்து அழுதாள்.

"ஒரு போகம்தானே, விடு. அடுத்த தடவை மேலாப்புல போட்டுக்கலாம்" என்றார் அவர்.

அடுத்த போகத்தை இரண்டு விரல் ஆழத்தில்தான் போட்டார். விதைக்குப் பழகிவிட்டது, அதுவும் கீழேதான் போனது. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அறுக்க வேண்டுமென்றால் குழி வெட்டி, மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, தலையில் விளக்கோடு இறங்க வேண்டும். ஊரே இறங்கியது. நான்கே வருடத்தில் துறைமுகத்தில் செம்புக் கப்பல்கள் நின்ற இடத்தில் சோளக் கப்பல்கள் நின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வேர்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே மூச்சு முட்டுகிறது, காற்று இயந்திரம் வேண்டும் என்று மனுக் கொடுத்தபோது, அது சுரங்கச் சட்டம், விவசாயத்துக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது.

ஐந்தாம் வருடம் முட்டு ஒடிந்து வெடிக்காரர் மேல் மண் சரிந்தது. உடலை நண்பகலில் மேலே கொண்டுவந்தார்கள். மனைவி அவர் முகத்தைத் துடைத்துவிட்டு வெயிலிலேயே மடியில் வைத்துக்கொண்டாள். நிழலுக்குத் தூக்கிப்போக யாரையும் விடவில்லை. விவசாய அதிகாரி படிவத்தோடு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரல்கூடத் தாழ்ந்துதான் இருந்தது.

"கூரை சரிஞ்சு விவசாயி செத்தார்னு போட இதுல எடமே இல்லம்மா. பாம்பு கடிச்சதுன்னு போட்டுக்கறேன்."

"எந்தப் பாம்பு?"

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"என்னமோ போட்டுக்குங்க. நெலத்தைப் பிடுங்காம இருந்தாச் சரி."

அவள் கேட்டதில் தப்பில்லை. ஒரு போகம் அறுக்காமல் விட்டாலும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும் என்பது விதி.

அந்த வருடம் நாட்டின் வளர்ச்சி ஏழு சதவீதம். மண்ணுக்கு அடியில் கிடப்பதை நம்பிப் பிழைத்த காலம் மலையேறிவிட்டது என்று அமைச்சர் காலை வானொலியில் பேசினார். வெடிக்காரரின் மனைவி அதைக் கேட்கவில்லை. அறுவடை நேரம், விடியுமுன்பே இறங்கியிருந்தாள்.