பிறர் என்கிற வரிசை

ஒரு கையால் ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டே, மறு கையின் கட்டைவிரலால் செல்போனில் புற்றுநோய்ப் பதிவேட்டின் அட்டவணையை நகர்த்திக்கொண்டிருந்தாள் மகள்.

"கெடச்சுதா?" கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"இருங்கப்பா. நுரையீரல், குடல் எல்லாம் தாண்டியாச்சு. பித்தப்பை இன்னும் வரல."

முந்தின நாள் காலை சுற்றுக்கு வந்த இளம் டாக்டர், கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு இந்தக் கேன்சர் வர்றது ரொம்ப அபூர்வம், ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அப்பாவால் நகர முடியவில்லை. நம்ம ஆளுங்கன்னா யாரு, யார் எண்ணினாங்க, எப்படி எண்ணினாங்க, பாத்துச் சொல்லு பாப்பா என்று பிடித்துக்கொண்டார். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குக் 'கேள்வி மேஸ்திரி' என்று பெயர். நின்ற லிஃப்டை ஓடவைத்துவிட்டு மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். அது ஏன் நின்றது என்று தெரியாமல் இவர் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியைவிட்டு ஏறமாட்டார்.

இரண்டு வாரமாக அவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தவளுக்கு, இந்தக் கேள்வி ஒரு பிடிமானமாக இருந்தது.

"வந்துடுச்சுப்பா. சமவெளியார், கடற்கரையார், மலையார், குடியேறினவங்க, பிறர். மொத்தம் அஞ்சு வரிசை."

"நாம எதுல?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் கண்ணைத் திறந்தார். "எங்கம்மா கடற்கரை. எங்கப்பா மலை. எந்த வரிசையிலயும் ரெண்டு காலையும் வச்சு நிக்க முடியாது. பிறர்ல பாரு."

பார்த்தாள். மற்ற நான்கு வரிசையிலும் எண்கள் இருந்தன. பிறருக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள்: பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எண் தரப்படுவதில்லை.

அப்பாவின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று.

"அப்ப ஒம்போது பேருக்குள்ளதான். மத்தவங்க யாரு பாப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அந்த ஆபீஸ் ஃபோன் நம்பர் போட்டிருப்பானே."

"ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" ஜன்னலோர நாற்காலியிலிருந்து அம்மா சொன்னாள். ஆனால் எழுந்து வந்து மகளின் கையிலிருந்த பஞ்சை வாங்கிக்கொண்டாள்.

வார்டுக்குள் சிக்னல் நிற்கவில்லை. அவள் படிக்கட்டு வரை நடந்தாள். பதிவேட்டு அலுவலகத்தில் நான்கு பேர் மாற்றி மாற்றிவிட, ஐந்தாவதாக ஒருவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"எண்ணிக்கை கொறச்சலா இருந்தா போடமாட்டோம்மா. ஊரு, வயசுன்னு சேத்துப் பாத்தா ஆளையே கண்டுபிடிச்சிடலாம்."

"கண்டுபிடிச்சா என்ன சார்?"

"வெளிய தெரிய வேணாம்னு நெனைக்கிறவங்க இருப்பாங்க."

"எங்கப்பா தெரியணும்னு நெனைக்கிறாரு."

"மத்தவங்களையும் கேக்கணுமில்ல?"

"அப்ப, இது எங்களுக்கு அபூர்வம்தானா சார்? டாக்டர் அப்படிச் சொன்னாரு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "பிறர்னா அப்படிச் சொல்லமுடியாதும்மா. இத்தன கொஞ்சப் பேர வச்சு அபூர்வம்னும் சொல்லமுடியாது, அதிகம்னும் சொல்லமுடியாது. தெரியாதுங்கறதுதான் உண்மை. உங்கப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க."

அவள் கிட்டத்தட்ட ஓடினாள். அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கும்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் நர்ஸ் குனிந்து நின்றாள். அந்தப் பக்கம் அம்மா, கையில் பஞ்சோடு.

"இப்பத்தான்," என்றாள் அம்மா. "நீ வந்துட்டியான்னு கேட்டாரு. வந்துடுவான்னு சொன்னேன். சரின்னாரு."

மகள் கட்டிலருகே போனாள். அப்பாவின் காதோரம் குனிந்து, "தெரியாதாம்பா," என்றாள்.

பதினொரு மணிக்குப் பதிவறையில் இறப்புப் படிவத்தை நீட்டினார்கள். கண்ணாடிக்கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. எதிரே இருந்த எழுத்தர் அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்துவதைக் கண்டு, கண்ணாடி புதிது, இன்னும் பழகவில்லை என்று அந்த நேரத்திலும் மனசில் ஓடியது. படிவத்தில் இனம் என்ற இடத்தில், சமவெளியார் என்று முன்பே அச்சாகியிருந்தது.

"இது யார் போட்டது?"

"அட்மிஷன்ல போட்டிருப்பாங்க. பேரைப் பாத்து, முகத்தைப் பாத்து ஒண்ணு போட்டுடுவாங்க."

அந்த டாக்டர் கோப்பில் பார்த்ததும் இதே பதிவைத்தான் என்று அவளுக்கு உறைத்தது. அவர் சொன்ன 'உங்க ஆளுங்க' அப்பாவின் ஆட்களே இல்லை.

"மாத்தணும். பிறர்."

"இப்ப மாத்தி என்னம்மா ஆகப்போகுது? சமவெளியார்னா ஆயிரத்துல ஒண்ணா அதுபாட்டுக்குப் போயிடும்."

"அதுக்குத்தான் சொல்றேன். ஆயிரத்துல போயிடக் கூடாது. பத்தாவது ஆள் வந்தா அந்தக் கோட்டை எடுத்துட்டு எண் போடுவீங்கல்ல?"

எழுத்தர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "போடுவாங்க," என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து திருத்தப் படிவம் ஒன்றை எடுத்தார். "மனைவி கையெழுத்து வேணும்."

அம்மா வந்து உட்கார்ந்தாள். மகள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடப் போனவள், பேனாவை நிறுத்தினாள்.

"நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நானும் இதே வரிசைலதான வருவேன்?"

"இல்லம்மா. நீங்க எதுவோ அதுல. உங்க அப்பா அம்மா யாரு?"

"கடற்கரை. ரெண்டு பேருமே."

"அப்ப கடற்கரையார்தான்."

"முப்பத்தெட்டு வருஷம்," என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல். கையெழுத்தை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி போட்டாள்.

அப்பாவைக் கொண்டுபோக வண்டி வர இன்னும் அரைமணி ஆகும் என்றார்கள். பையை எடுக்க இருவரும் வார்டுக்குத் திரும்பினார்கள். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை உருவிவிட்டு, ரப்பர் மெத்தையை யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் ஓரங்களிலிருந்து உலர்ந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அது முழுவதும் காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.