ஆட்சேபணை உள்ளவர்கள்

அப்பா வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். கேட்டவர்கள் எல்லோரும், "உனக்கென்னம்மா, சொந்த வீடு" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டில் ஒரு பொழுது தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

உயில் இருந்தால் மட்டும் போதாது, அது செல்லும் என்று கோர்ட் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செத்தவர் செத்துவிட்டார் என்பதற்குச் சான்றிதழ். உயிலில் இருப்பது அவர் கையெழுத்துதான் என்று சொல்லச் சாட்சி. வாரிசு யார் யார் என்பதற்கு இன்னொரு சான்றிதழ். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். அப்பாவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மாடி வீட்டுக்காரி சொல்லித் திரிந்தாளாம். சொல்லட்டும். எனக்கு ஜெராக்ஸ் எடுக்கவே பொழுது சரியாக இருந்தது.

வக்கீல் என்னைவிட ரொம்பச் சின்னவர். வாய் நிறைய அக்கா போடுவார். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன்; தம்பி என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"வேற வாரிசு யாராவது இருக்காங்களா அக்கா?"

"இருக்கான். கூடப்பிறந்தவன். எனக்கு இளையவன்."

"பேரு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேஜையில் இருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் பெயரைக் கூப்பிடுவதுதான் என் வேலை. வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பவன் தன் பெயரைக் கேட்டதும் முகம் வெளிறி எழுந்து வருவான்; எனக்கு அது பழகிப்போன காட்சி. ஆனால் என் தம்பி பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது.

அவன் செய்தது இவ்வளவுதான். ஒருநாள் அப்பா அவனை அடிக்கக் கையை ஓங்கினார். அவன் அந்தக் கையைப் பிடித்துவிட்டான். திருப்பி அடிக்கவில்லை, தள்ளவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவால் கையை விடுவிக்க முடியவில்லை. அதை நானும் பார்த்துவிட்டேன் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலமே அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். "இனிமே என் வீட்ல அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். யாரும் என்றால் நான்தான்.

எடுக்கவில்லை. "அவன் இருந்தா இந்த பல்ப மாத்தியிருப்பான்" என்று அடுப்படியில் நான் முணுமுணுத்தாலே போதும், உள்ளறையிலிருந்து, "என்னடி அங்க?" என்று அதட்டல் வரும். பின்னாளில் டீவி என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்கிற அளவுக்கு மந்தமான காதுக்கு, இது மட்டும் எப்படிக் கேட்டதோ!

வக்கீலின் பேனாவை வாங்கிப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"அட்ரஸ்?"

"தெரியாது."

"கடைசியா எங்க இருந்தாரு?"

"எங்க வீட்லதான்."

"அப்ப அந்த அட்ரஸுக்குத்தான் நோட்டீஸ் போகும்."

"அங்க நான்தானே சார் இருக்கேன்?"

"சட்டம் அப்படித்தான் அக்கா. ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லணும்."

"வருவானா?"

அவர் என் முகத்தைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார். "பயப்படாதீங்க. இவ்வளவு நாள் வராதவரு இப்ப எங்க வரப்போறாரு? வந்தாலும் உயில் பக்காவா இருக்கு."

எனக்கு வந்தது பயமில்லை, ஆசை. வரட்டும். பாதி வீடு கேட்கட்டும், முழு வீட்டையும் கேட்கட்டும். நான் அப்பாவை மயக்கி எழுதி வாங்கிவிட்டேன் என்று கோர்ட்டில் கத்தட்டும். வந்து என் எதிரில் நிற்கட்டும், அது போதும். வீட்டுக்காக நான் கோர்ட்டுக்கு நடந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வாரிசு என்று அவன் ஒருவன் இருந்ததால், அவனைத் தேட வேண்டிய கட்டாயம் கோர்ட்டுக்கு இருந்தது. நான் நடந்தது அதற்காக.

நோட்டீஸோடு ஒருவர் வீட்டுக்கு வந்தார். காக்கிப் பையும் கனத்த குரலுமாக, வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லி, "இருக்காரா?" என்று கேட்டார். அனிச்சையாக உள்ளறையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப கதவுல ஒட்டிட்டுப் போறேன்மா. ஆள் இல்லன்னா அதுதான் முறை." பையைத் துழாவிவிட்டு அசடு வழிந்தார். "பசை தீந்து போச்சு. வீட்ல இருக்குமா?"

என் கதவில் என் தம்பிக்கு நோட்டீஸ் ஒட்ட என் பசையையே கொடுத்தேன். "நாலு மூலையிலயும் நல்லா தடவுங்க, மழையில போயிடப் போவுது" என்றேன். நோட்டீஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்படிச் சொல்பவர்களை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"யாரும்மா இவரு உங்களுக்கு?"

"தம்பி."

அவர் தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற உயரத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனார்.

பேப்பரிலும் விளம்பரம் போட வேண்டுமாம். அவன் பேப்பரைப் பின்னாலிருந்துதான் படிப்பான். விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி முன்னால் வந்ததே இல்லை. "கடைசிப் பக்கத்துல போட முடியுமா?" என்று வக்கீலைக் கேட்டேன். "இது என்ன கல்யாண விளம்பரமா அக்கா?" என்று சிரித்தார். உள்பக்கத்தில், தொலைந்துபோன சான்றிதழுக்கும் வாடகைக்கு விடப்படும் கடைக்கும் நடுவில் வந்தது.

கோர்ட் நாளன்று முதல் ஆளாகப் போய், படிக்கட்டு தெரிகிற பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஏறி வந்த எல்லா ஆண்களையும் உற்றுப் பார்த்தேன். ஒருவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவருடன் வந்த மனைவி என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

சின்ன கோர்ட். நோட்டீஸ் ஒட்டியவரேதான் பெயரும் கூப்பிடுகிறார். எங்கள் வழக்கு வந்ததும் வராந்தாவுக்குப் போய், அப்பா பெயரின் முதல் எழுத்தையும் அவன் பெயரையும் சேர்த்து ஓங்கிக் கூப்பிட்டார். அப்பாவையும் அவனையும் ஒரே மூச்சில் யாராவது சொல்லி எத்தனை காலம்! மூன்று தடவை கூப்பிட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று நீதிபதி தலையைத் தூக்காமலே கேட்டார். கண்ணாடி போட்ட, களைத்த அம்மாள்.

"எனக்கு இருக்கு" என்றேன்.

வக்கீலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி நிமிர்ந்தார்.

"நீங்கதானேம்மா மனு போட்டது?"

"ஆமாங்க. ஆனா அவன் அந்தப் பேருக்குத் திரும்ப மாட்டான். அது பள்ளிக்கூடத்துப் பேரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "வீட்ல கூப்பிடற பேரு இருந்தா சொல்லுங்க. அதையும் சொல்லிக் கூப்பிடச் சொல்றேன்."

வாயைத் திறந்தேன். நோட்டீஸ்காரர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். பல்லைக் காட்டிக்கொண்டு சத்தம் வராமல் நாற்காலியில் கிடக்கிற எங்கள் கிளினிக் ஆட்கள் மாதிரி நின்றேன்.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி மறுபடியும். பிறகு கொஞ்சம் பொறுத்து, "சரி, உட்காருங்க."

உயில் செல்லும் என்று உத்தரவானது. வெளியே வந்ததும் வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒருத்தர்கூட வரல அக்கா! இந்த மாதிரி கேஸ் அமையணுமே! இனி வீடு முழுக்க உங்களோடதுதான்."

படி இறங்கும்போது நோட்டீஸ்காரர் பின்னாலேயே வந்தார். "அப்புறமா கீழ கேட் வரைக்கும் போயி இன்னொரு தடவ கூப்பிட்டேன்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கதவில் நோட்டீஸ் ஒரு மூலைகூடப் பெயராமல் இருந்தது. பூட்டைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். என் வீட்டில் அவன் பெயரை எடுக்கக் கூடாது என்றுதானே சொன்னார். இப்போது இது என் வீடு. கோர்ட்டே சொல்லிவிட்டது.

"டேய் வாலு!" என்று கூப்பிட்டேன்.

முதலில் சரியாக வரவில்லை. கிளினிக்கில் கூப்பிடுவதுபோல வயிற்றிலிருந்து குரலெடுத்து மறுபடியும் கூப்பிட்டேன். "டேய் வாலு! எங்கடா இருக்க?" மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ நின்றுவிட்டுப் போனார்கள்.

அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது வாசலை அல்ல, உள்ளறையை. தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். "என்னடி அங்க?" என்று யாரும் அதட்டவில்லை.

அப்பா செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதேன்.