படுக்கையறையில் நான்கு பம்புகள்

காலை வெயில் ஏறிய பிறகு அந்தப் படுக்கையறை கடலடிபோல் ஆகிவிடும். நீலத் திரைச்சீலை காற்றில் மெல்ல வீங்கித் தணியும். அதன் வழியாக வரும் வெளிச்சம் சுவரில் அலை அலையாக நகரும். தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தமும், அதற்குள் நான்கு பம்புகளின் முனகலும் வந்துகொண்டே இருக்கும். கட்டிலின் ஒரு பக்கத்தில் பள்ளி வேன் ஓட்டும் கணவர், காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்து குறட்டை விடுவார். மறுபக்கத்தில் அவள், கண்ணைத் திறந்தபடி மிதந்துகொண்டிருப்பாள்.

அவள் மீன்காட்சியகத்தில் இரவு ஷிஃப்டில் மீன்களையும் பம்புகளையும் பார்த்துக்கொள்கிறவள். அங்குள்ள பெரிய தொட்டி மூன்று மாடி உயரம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது கண்ணாடிக்குப் பின்னால் சும்மா நிற்கும் தண்ணீர். உண்மையில் அது ஒரு நொடிகூட நிற்பதில்லை. பம்புகள் அடியிலிருந்து தண்ணீரை இழுக்கும். மணல் நிரப்பிய உருளைகளுக்குள் புகுந்து தூசியை விட்டுவிட்டு வரும் தண்ணீர், அடுத்து ஓர் உயரமான குழாய்க்குள் காற்றோடு கலந்து நுரைக்கும். மீன்களின் கழிவு அந்த நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வழிந்துவிடும். தெளிந்த தண்ணீர் கீழே இறங்கி, குளிர்ந்து, மறுபடி தொட்டிக்குப் போகும். இந்தச் சுற்று நின்றால் மீன்களுக்கு மூச்சு முட்டும்.

ஒருமுறை நின்றது. பகல் நேரம், அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு அகலத்துக்கு வளர்ந்திருந்த ஒரு திருக்கை மீன் செத்துப்போனது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அப்போது பணியிலேயே இல்லை. ஆனாலும் பம்ப் அறையில் ஒரு மைக்கைப் பொருத்தி, அந்தச் சத்தம் இணையம் வழியாகத் தன் தலைமாட்டுக்கு வரும்படி செய்துகொண்டாள். கேட்டுக்கொண்டே படுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அவள் கணக்கு. நிம்மதி ஓரளவு வந்தது. தூக்கம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் தீனி வாளியோடு தொட்டியின் மேல்மேடையில் நின்றபோது கண் செருகியது. விழித்தபோது ஒரு கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் இருந்தது. மேலாளர் கோபப்படவில்லை; அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உடம்பைப் பாருங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா டிக்கெட் கவுண்டருக்கு மாத்திடறேன். அங்க தூங்கி விழுந்தா மேஜை மேலதான் விழுவீங்க."

டிக்கெட் கவுண்டரிலிருந்து பார்த்தால் ஒரு மீன்கூடத் தெரியாது.

நாத்தனார்தான் ஆன்லைனில் ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்துப் பதிவு செய்தாள். "எங்கயும் அலைய வேணாம் அண்ணி. வீட்லயே உக்காந்து பேசலாம். நைட்டியோட இருந்தாக்கூடப் பரவாயில்ல, மேல ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கோங்க."

அவள் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் ஓர் அம்மாள் தெரிந்தார்: நரைத்த கிராப்பு, கண்ணாடி, அவசரமில்லாத முகம்.

"கூட யாராவது இருக்காங்களா?"

"வீட்டுக்காரர் தூங்கறார் மேடம். இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்."

ஆலோசகர் நிறையக் கேட்டார். எப்போது படுக்கிறாள், படுத்ததும் என்ன நினைக்கிறாள், கடைசியாக எப்போது அலுப்பில்லாமல் எழுந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார். நடுவில் தலையைச் சாய்த்தார்.

"அங்க மழை பெய்யுதா?"

"இல்லயே."

"ஏதோ தண்ணிச் சத்தம் வருதே."

"அதுவா, எங்க பம்ப் ரூம் மேடம்!" அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாலு பம்ப். முதல் ரெண்டும் ஒரே சுருதி. மூணாவதுக்குக் கொஞ்சம் இருமல். நாலாவது ஸ்டார்ட் ஆகறப்போ மட்டும் 'ஊம்'னு ஒரு சிணுங்கல். இப்போ மூணாவது லேசா இழுக்குது பாருங்க, கேக்குதா?"

"எனக்கு மழை மாதிரிதான் கேக்குது." ஆலோசகர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குத் தாலாட்டு. போட்ட உடனே தூங்கிடுவார்."

"ஒரே சத்தம். அவர் தூங்கறார், உங்களுக்குத் தூக்கம் வரல. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"

அவள் யோசித்ததில்லை. இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்கிறவளுக்கு இது எப்படித் தப்பியது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"காதுக்கு இமை கிடையாது," என்றார் ஆலோசகர்.

"மீனுக்குக் கண்ணுக்கே கிடையாது மேடம். ஆனா தூங்கும்."

"அப்போ உங்களுக்குச் சுலபமாப் புரியும். நாம தூங்கறப்பவும் மூளைக்குள்ள ஒரு காவல்காரன் காதுகிட்ட உக்காந்திருப்பான். அர்த்தமில்லாத சத்தம்னா அவனும் கண்ணசந்துடுவான். நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல வேண்டிய சத்தம்னா அவன் அசரவே மாட்டான். நீங்க வேலைய முடிச்சிட்டு வீட்டுக்கு வரல. பம்ப் ரூம்லயே பாயைப் போட்டுப் படுத்திருக்கீங்க."

திரைச்சீலை வீங்கித் தணிந்தது. சுவரின் அலைகள் அவள் கைமேல் ஏறி இறங்கின.

"இப்போ, நாம பேசி முடிக்கறவரைக்கும் அதை நிறுத்திப் பாக்கலாமா? முடியலன்னா போட்டுக்கலாம்."

அவள் எட்டி நிறுத்தினாள். உடனே தோள்கள் காதுவரை ஏறின. கட்டிலில் குறட்டை ஒருமுறை தடுமாறி மறுபடி தொடர்ந்தது. அகலமான ஒரு நிழல் அடியில் படிவதுபோல் இருந்தது. அவள் அதைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆலோசகர் ஆறுதல் சொல்ல விரையவில்லை. அந்தத் திருக்கை எப்படி நீந்தும் என்று மட்டும் கேட்டார். அவள் கைகளை விரித்துக் காட்டினாள்.

"நீங்க வீட்ல இருக்கறப்போ அங்க யார் இருக்காங்க?"

"பகல் ஷிஃப்ட் அண்ணன்."

"அவர்கிட்ட பேசுங்க. ஒரே நாள்ல தூக்கம் வந்துடும்னு நான் சொல்லல. அடுத்த வாரமும் பேசுவோம்."

செஷன் முடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா. மூணாவது பம்ப்தானே? பாத்துட்டேன், பெல்ட் தளர்ந்திருந்துச்சு, மாத்தியாச்சு."

"அதில்லண்ணே. அந்த மைக்கைக் கழட்டிடறீங்களா?"

"நெஜமாத்தான் சொல்றியா? இந்த மைக்குக்குப் பயந்து நான் பாடறதையே விட்டுட்டேன் தெரியுமா? இருமறதுக்குக்கூட வெளிய போறேன்! மாமியார் வீட்டு ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அண்ணே, ஏதாவது நின்னா கூப்பிடுவீங்கல்ல?"

"நின்னா முதல்ல ஓட வைப்பேன். அப்புறம் கூப்பிடுவேன். அன்னிக்கு நானும்தான் இங்க இருந்தேம்மா. எனக்கும் அது மறக்கல."

இதை அவர் இதுவரை சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

ஸ்பீக்கரைக் கடைசியாக ஒருமுறை போட்டாள். தண்ணீருக்கு நடுவே ரப்பர் பூட்ஸ் நடந்து வந்தது. மைக்குக்கு மிக அருகில், "படுத்துக்கோம்மா," என்றது குரல். சொடுக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். சிறிது நேரத்தில் குறட்டை நின்றது. கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு? தொட்டி உடைஞ்சிடுச்சா?"

"மைக்கைக் கழட்டச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! இனிமே நான் எப்படித் தூங்கறது?"

அவர் புரண்டார், தலையணையைத் திருப்பிப் போட்டார், பெருமூச்சு விட்டார். அவள் காது முதலில் அந்த முதல் இரண்டு பம்புகளைத் தேடியது. கிடைக்கவில்லை. மூன்றாவதைத் தேடியது. எங்கோ ஒரு பூட்ஸ், ஒரு பாட்டு; அதை யார் பாடுகிறார்கள் என்று தீர்மானிக்க வேண்டிய அவசியம் இல்லை. நீல வெளிச்சம் மெத்தைக்கு அடியில் புகுந்து கட்டிலைச் சற்றே தூக்கியது. கைகள் இரண்டும் அகலமாக, மிக அகலமாக விரிந்தன.

"ஏம்மா, ஒரு யோசனை," என்று கணவர் ஆரம்பித்தார். "மாடித் தொட்டி மோட்டாரைப் போட்டுவிட்டா..."

அவர் அதை எப்படி முடித்தார் என்று அவளுக்குத் தெரியாது.